மைக் இல்லாதது

அம்பாசமுத்திரம் பஜாரில்
கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டு டப்பா,
எல்லாவற்றிலும் சீன எழுத்து.
"எதுக்கா வேணும்?" என்றான் நாகூர்மீரான்.
நானூறைத் தாண்டாதது என்றேன்.

முதலில் மாட்டியது
கோயில் கொடையில் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில்
உட்கார்த்தி வைத்த மாதிரி இருந்தது.
"பேஸ்க்கா, பேஸ்!"
எனக்கு எதுக்குலே பேஸ்,
நான் கேக்கது கொலைக் கதை.
பெயரைச் சொல்லும் இடத்தில்
தும்மென்று வந்து மறைத்தால்
ஆயிரம் பீடி சுற்றி முடித்தும்
யார் கொன்னது என்று தெரியாமல்
படுக்க வேண்டியதுதான்.
கழித்தேன்.

அடுத்ததில் 'ச' எல்லாம் ஊசி.
சங்கரன் சாவியைத் தேடியது
சீழ்க்கையாய்க் காதில் இறங்கியது.
கழித்தேன்.

மூன்றாவதில்
இடதைவிட வலது ஒரு நூல் கம்மி.
"அதெல்லாம் யாருக்கும் தெரியாதுக்கா."

எனக்குத் தெரியும்.
முக்கூடல் கடையில் இருபத்தாறு வருஷமாய்
என் கட்டுகளைக் கணக்குப்பிள்ளை
இப்படித்தான் விரலிடையில் உருட்டுகிறார்.
தூள் கொஞ்சம் கூட, சுற்று கொஞ்சம் தளர்வு,
இலையில் ஊசிமுனை ஓட்டை:
வலப்பக்கம் தள்ளுவார்.
தள்ளியதற்குக் காசும் கிடையாது,
தள்ளியது திரும்பியும் வராது.
அன்றைக்கு ஒரு மணி நேரம்
கணக்குப்பிள்ளை நான்.
நன்றாகத்தான் இருந்தது,
பொய் சொல்வானேன்.

நாலாவதில்
கதை சொல்கிறவள் எச்சில் விழுங்குவது கேட்டது.
பக்கம் புரட்டுவது கேட்டது.
இடது பக்கம் கதவு கிறீச்சிட
கடைக்குள் திரும்பிப் பார்த்தேன்.
நாகூர்மீரான் சிரித்தான்.
"மைக் வச்சது முந்நூத்தித் தொண்ணூறு,
இல்லாதது முந்நூத்தி நாப்பது."
ஐம்பது ரூபாய் என்றால் எட்டுக் கட்டு.
இல்லாததையே எடுத்தேன்.

வீட்டில் பிரித்தால்
ரப்பர் மூன்று ஜோடி: சிறுசு, நடு, பெருசு.
இடது காதுக்கு நடு சேர்ந்தது,
வலதுக்குச் சிறுசு.
நாற்பத்தொரு வயது வரை
இரண்டும் ஒரே அளவென்று நம்பிக்கொண்டிருந்தேன்.
வயரைக் காதுக்கு மேலே வளைத்து
முதுகுப்பக்கம் விட்டேன்.
முன்னால் தொங்கினால்
ஒருநாள் இலையோடு சேர்த்து வெட்டிவிடுவேன்.

டப்பாவின் அடியில் சின்னத் தாள்,
சிவப்பு முத்திரை, நடுவில் 17.
சோதித்தவர் நம்பராம்.
முடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை
உள்ளே சுற்றியவளின் நம்பர் இல்லை.
என் கட்டிலும்
லேபிளில் இருப்பது முதலாளியின் அப்பா படம்தான்.
கம்பியை மெஷின் சுற்றும் என்கிறான் நாகூர்மீரான்.
சுற்றட்டும்.
தாளைத் தூக்கிப் போடவில்லை,
அளவுத் தகட்டுக்கு அடியில் இருக்கிறது.

ராத்திரி இசக்கியம்மாள் கூப்பிட்டாள்,
திருப்பூர் ஹாஸ்டலில் இருந்து.
சுளகுக்கு அடியில் போன்,
கையெல்லாம் தூள்.
"யக்கா, நீ கெணத்துக்குள்ள இருந்து பேசுத மாதிரி இருக்கு.
கத்தரிதான் பக்கத்துல கேக்கு."
மைக் இல்லட்டி, இரு, போனை எடுக்கேன் என்றேன்.
"எடுக்காண்டாம்.
நீ பாட்டுக்கு வெட்டு."

என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை.
நான் வெட்டினேன்.
அன்றைக்குக் கொலைக் கதை பாதியில் நின்றது.
எந்நேரம் தூங்கினாளோ,
போனை அணைக்கவில்லை.
முந்நூத்தி நாப்பது ரூபாய்க்கு
அவள் மூச்சு இரண்டு காதிலும் சமமாய் வந்தது.
அதற்குப் பின்னால் ஹாஸ்டல் ஃபேன்,
மூன்று சுற்றுக்கு ஒருமுறை
டக்கென்று.

ஒரு திருகு லூஸ்.
காலையில் சொல்ல வேண்டும்,
கட்டிலை நகர்த்திப் போடச் சொல்லி.